அவர் சொன்ன 'சரி': ஒரு நிகழ்வு ஆய்வு

இது 14 மாதங்கள் நீண்ட ஒரு நிகழ்வின் பதிவு. குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளராக இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன், சிலவற்றை நீக்கிவிட்டேன். எழுதலாமா என்று முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன இரண்டு பத்திகளை எடுத்தேன். அதற்குப் பிறகு எஞ்சியதுதான் இது.

இதன் நடுவில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த நிகழ்வை எழுத முடியாது.

எக்ஸ்ரே அறை

அவருக்கு 36 வயது. மகனுக்கு 13, மகளுக்கு 8. ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர். மகள் பிறந்ததும் கணவர் வேலையை விடச் சொன்னார், விட்டுவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து மருத்துவமனைக்கு வந்திருந்தார். படியில் வழுக்கி விழுந்ததாகக் கணவர் சொன்னார். மருத்துவர் அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கும் கணவரே பதில் சொன்னார். அந்த ஒரு வருடத்துக்குள் அது மூன்றாவது காயம் என்பதைப் பழைய சீட்டுகளைப் புரட்டிய செவிலியர் கவனித்தார்.

அந்தச் செவிலியர் செய்ததைப் பயிற்சி வகுப்புகளில் நான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணவரை அவர் கேள்வி கேட்கவில்லை, முறைக்கவும் இல்லை. "எக்ஸ்ரே எடுக்கறப்ப கூட யாரும் உள்ள வரக்கூடாது சார். பத்து நிமிஷம் வெளியில உக்காருங்க" என்றார். அது உண்மையான விதி என்பதால் சந்தேகம் எழவில்லை. கதவு சாத்தியதும் படம் எடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல உங்களுக்குப் பயமா இருக்கா?" அவர் வாய் திறக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. பார்வை மட்டும் கதவுக்குப் போய்த் திரும்பியது. செவிலியர் பின்கதவு வழியாக என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

துணை பக்கத்தில் இருக்கும்போது வன்முறையைப் பற்றிக் கேட்கவே கூடாது. இது இந்த வேலையின் முதல் பாடம். கேட்டவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தக் கேள்விக்கான அடி வீட்டுக்குப் போன பிறகு விழும்.

முதல் சந்திப்பு 11 நிமிடங்கள்தான் நடந்தது. அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. "எங்க வசதியோ அங்க உக்காருங்க" என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எந்த நாற்காலி என்று நான் காட்டுவேன் எனக் காத்திருக்கிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. நானும் காட்டாமல் நின்றேன். கடைசியில் கதவைப் பார்த்தபடி இருந்த நாற்காலியை இடது கையால் இழுத்து, கதவு இன்னும் நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

காது கொடுத்துக் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, சொல்வதை நம்புகிறோம் என்று உணர்த்துவது, உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது, அடுத்த உதவியோடு இணைத்துவிடுவது. உலக சுகாதார அமைப்பு 2014-இல் வெளியிட்ட மருத்துவக் கையேடு இந்த ஐந்தையும்தான் முதல்நிலை ஆதரவு என்கிறது. 11 நிமிடத்தில் ஐந்தையும் முடிக்க நான் பார்க்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். "உங்க மேல தப்பு இல்லம்மா" என்பது ஒன்று. இரண்டாவது ரகசியம் பற்றி: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். குழந்தைங்களுக்கு ஆபத்துன்னாலோ, உங்க உயிருக்கு இப்பவே ஆபத்துன்னாலோ மட்டும் நான் மத்தவங்ககிட்ட பேச வேண்டி வரும். அப்பவும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்." இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும்.

எங்கள் தொலைபேசி எண்ணை அவரால் எழுதி எடுத்துப் போக முடியாது. இரவு கைப்பை சோதிக்கப்படும், கைபேசியும் சோதிக்கப்படும். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, மகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவதைப் போல மூன்று முறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார். கட்டு போட்டுவிட்டார்கள், கிளம்பலாம் என்று கணவரிடம் செவிலியர் சொன்னார்.

சக்கரமும் நாள்காட்டியும்

எலும்பு மருத்துவரைப் பார்க்க வரும் நாட்களில் எங்கள் சந்திப்பை வைத்துக்கொண்டோம். அடுத்த முறை அவர் பேசியது பெரும்பாலும் அடியைப் பற்றி இல்லை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணவர் தினமும் குறித்து வைப்பார். பள்ளிக்குப் போய் வர எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் கேள்வி வரும். வேலையில் இருந்த காலத்தில் இவருடைய சம்பளக் கணக்கின் அட்டை கணவரிடம்தான் இருந்தது. தங்கையோடு பேசினால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேச வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்று ஒரு நகரம். அங்கே 1980-களின் தொடக்கத்தில், வன்முறையை அனுபவித்த 200-க்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னதைத் தொகுத்து 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கரத்தை வரைந்தார்கள். நடுவில் அதிகாரம். எட்டு ஆரங்களில் மிரட்டல், தனிமைப்படுத்துதல், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுதல், குழந்தைகளைக் கருவியாக்குதல் போன்றவை. உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் வெளி வளையம். இதில் எனக்குப் பிடித்தது, அதை வரைந்தவர்கள் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை, பெண்கள் சொன்னதிலிருந்து தொடங்கினார்கள் என்பதுதான். தமிழில் எழுதி வைத்திருந்த அந்தப் படத்தை அவர் முன்னால் வைத்தேன். ஆறு ஆரங்களின் மேல் விரலை வைத்தார். "இதெல்லாம் வேற வீட்லயும் நடக்குமா மேடம்?" என்று கேட்டார். 'பாலியல்' என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் விரல் தாண்டிப் போனது. பார்த்தேன், கேட்கவில்லை. சரியாகச் செய்தேன் என்று நான் நினைக்கும் சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது சந்திப்பில் ஆபத்து மதிப்பீடு செய்தோம். ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர்-ஆய்வாளர் 1980-களில் உருவாக்கிய முறை அது. இருபது கேள்விகள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு நாள்காட்டி. கடந்த ஓராண்டில் வன்முறை நடந்த நாட்களை அவரே குறிக்க வேண்டும், எவ்வளவு கடுமை என்பதை எண்ணால் எழுத வேண்டும். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் பென்சிலைப் பிடித்துக் குறித்தார். எண்கள் கோணல்மாணலாக விழுந்தன. மகனின் பிறந்தநாள், பள்ளி திறந்த நாள், மழை பெய்த வாரம் என்று ஒவ்வொன்றையும் அடையாளமாக வைத்துத் தேடிப் பிடித்தார். முதல் சில மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த குறிகள் கடைசிப் பக்கங்களில் நெருக்கமாக இருந்தன. அவர் பென்சிலை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக ஒவ்வொரு அடியையும் தனித்தனிச் சம்பவமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு நினைவில் வைத்திருந்தவர், அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்தார்.

கேள்விகளில் ஒன்று கழுத்தைப் பற்றியது. "நெரிச்சதில்ல மேடம். பிடிச்சார், அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைக் கேட்டால் நான் நிறுத்திவிடுவேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததா, குரல் மாறியதா, விழுங்கும்போது வலித்ததா, அறியாமல் சிறுநீர் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு நாள் குரல் கம்மியிருந்தது என்றார். சுவரோடு நின்றது ஞாபகம் இருக்கிறது, தரையில் எப்படி விழுந்தோம் என்பது ஞாபகம் இல்லை என்றார். அதாவது நினைவு தப்பியிருக்கிறது.

கழுத்தை நெரிப்பதற்குத் தழும்பு இருக்க வேண்டும் என்று காவல் துறையிலும் மருத்துவத் துறையிலும் கூடப் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தின் 300 வழக்குகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேருக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. உள்ளே கழுத்துத் தமனி கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். துணையால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பிறகு அதே துணையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆகவே அதே நாளில் கழுத்தைப் பரிசோதிக்க மருத்துவரிடம் அனுப்பினேன். அதுவரை எல்லாம் சரிதான்.

என் தவறு

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மிக உயர்ந்த ஆபத்து என்ற வரிசை. அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் காப்பகத்துக்குத் தொலைபேசி செய்து இடம் சொல்லி வைத்துவிட்டேன். அவர் வந்ததும், "இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது. இடம் ரெடியா இருக்கு. குழந்தைகளை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி மேடம்" என்றார்.

அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். கழிவறைக்குப் போய் வருவதாகச் சொல்லி எழுந்து போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்த ஐந்து வாரமும் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி செய்ய முடியாது, எடுப்பது யார் என்று தெரியாது. நேரில் போனால் அவருக்குத்தான் ஆபத்து. காவல் துறைக்குச் சொல்லலாமா என்று என் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபி தேதி ஒன்று அவருக்கு இருக்கிறது, அதுவரை காத்திருப்போம், நடுவில் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்பதைப் பள்ளியின் ஆலோசகர் பேச்சோடு பேச்சாகப் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. குழந்தைகளின் பாதுகாப்பு எங்கள் ரகசிய எல்லைக்குள் வராத விஷயம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். இருவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி ஒன்று என்னோடு தங்கிவிட்டது. "அவங்க 'சரி'ன்னு சொன்னப்ப அவங்க கை என்ன செஞ்சுட்டிருந்துச்சு?" யோசித்துப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் பார்த்திருந்தேன். பார்த்தும் படிவத்தை எடுத்தேன்.

ஆறாவது வாரம் பிசியோதெரபிக்கு வந்தவர், சிகிச்சை முடிந்ததும் தானாகவே என் அறை வாசலில் வந்து நின்றார். "நீங்க கோவமா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன், அது தப்பு என்று சொன்னேன். பதிலுக்கு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் பெரிய அடி: "அந்த இடத்துல பன்னெண்டு வயசுக்கு மேல பையனைச் சேர்க்க மாட்டாங்களாமே மேடம். முன்னாடியே எனக்குத் தெரியும். பையனை அவர்கிட்ட விட்டுட்டு எப்படி வர்றது?"

பல காப்பகங்களில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பையன்களுக்கு அனுமதி இல்லை. எனக்குத் தெரிந்த விதிதான். அவசரத்தில் மகனின் வயதை அதோடு பொருத்திப் பார்க்க மறந்தேன். என்னைவிட அவர் முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார். ஆனால் என் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் 'சரி' என்று சொல்லி உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர், என்னிடமும் அதையே சொல்லித் தப்பித்துப் போயிருக்கிறார். வன்முறையாளரின் இடத்தில் கனிவான குரலோடு நான் உட்கார்ந்திருந்தேன். நோக்கம் நல்லது என்பதால் அவருக்கு அது வேறு மாதிரி இருந்திருக்காது.

வீட்டுக்குள்ளேயே ஒரு திட்டம்

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். எப்போது கிளம்புவீர்கள் என்பதை விட்டுவிட்டு, இன்றிரவு பாதுகாப்பாக இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. கணவர் கத்தும் நாளில் ஆபத்து குறைவு. பேசாமல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிற நாள்தான் மோசம். அதைப் பார்த்ததும் மகளை மொட்டை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பிவிடுவார். எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கைக்கடிகாரத்துக்குக் கட்டம் கிடையாது.

சண்டை வந்தால் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வது, ஒன்றில் கத்தி இருக்கிறது, இன்னொன்றில் வெளியேற வழி இல்லை. மகளுக்கு ஒரு குறிச்சொல்: அம்மா அதைச் சொன்னால் எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அம்மாவைக் காப்பாற்ற நடுவில் வரக் கூடாது. கைபேசியில் இருந்த இருப்பிடப் பகிர்வை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அணைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்றார் அவர். ஆகவே அது அப்படியே இருந்தது. எங்களோடு பேசுவதற்கு மட்டும் பிசியோதெரபி அறைத் தொலைபேசியைப் பயன்படுத்தினார்.

ஆவணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மகளின் ஓவிய நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைத்துக் கொண்டுவருவார். பட்டச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு. நான் நகல் எடுப்பேன், மூலம் அதே மடிப்போடு நோட்டுக்குள் திரும்பிப் போகும். ஒன்பது தாள்கள் எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

எட்டாவது சந்திப்பு

தூக்கம் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்டேன். "அவர் தூங்கின பிறகுதான் எனக்குத் தூக்கம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தரையைப் பார்த்தபடி, "வேணாம்னு சொன்னாலும் விடமாட்டார். அதெல்லாம் கல்யாணத்துல சேர்ந்ததுதானே மேடம்?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் வெகுகாலமாக 'கற்பழிப்பு' என்ற சொல்தான் புழங்கியது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ அழிந்துபோனதாகச் சொல்லும் சொல் அது. இப்போது 'வன்புணர்வு' என்று எழுதுகிறோம், நல்லது. ஆனால் இத்தனை வருடம் ஒருவரோடு வாழ்ந்தவர், அந்தச் சொல்லைத் தன் கணவரோடு சேர்த்துப் பார்க்க நாளாகும். நான் முந்திக்கொண்டு பெயர் வைக்கவில்லை. "இல்லம்மா. கல்யாணம் ஆனா தினம் தினம் சம்மதம்னு ஆகிடாது. வேணாம்னா வேணாம்தான்" என்று மட்டும் சொன்னேன். திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வும் பெண்களுக்கு எதிரான வன்முறைதான் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 1993-ஆம் ஆண்டுப் பிரகடனம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதையும் சொன்னேன். "அப்படியா, எழுதியே வச்சிருக்காங்களா?" என்றார். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருக்கும்தானே. தனக்கு மட்டும் நடப்பதாக நினைத்த ஒன்றை உலகம் முன்பே பார்த்திருக்கிறது.

"நான் ஏன் கத்தலைன்னு எனக்கே தெரியல. மரக்கட்டை மாதிரி கிடந்தேன்."

இதைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. ஓட முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் உடல் தானாகவே உறைந்துபோகும். அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் அப்படிக் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள். இந்த எண்ணை அவரிடம் சொன்னேன். எண் சொல்வது எல்லோருக்கும் உதவாது. இவர் கணக்குப் பார்த்தவர், இவருக்கு உதவியது. "பத்துக்கு ஏழு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்டேன். நான்கு இரவுகளுக்கு முன்னால். கருத்தடை மாத்திரைகளைக் கணவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே குப்பையில் போட்டிருந்தார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அது கடந்துவிட்டது. அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு, இன்னும் ஒரு நாள் இருந்தது. இரண்டையும் பெண் மருத்துவர் ஒருவர் அவரிடம் நேரடியாக விளக்கினார். மாத்திரை வாங்கிக்கொண்டார். தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைக்கும் பிறகு வருவதாக ஒப்புக்கொண்டார். தடயம் எடுக்கும் பரிசோதனை வேண்டாம் என்றார். வழக்குக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும், மனம் அடித்துக்கொண்டது. ஒருமுறை விளக்கிச் சொன்னேன். மறுபடியும் "வேணாம்" என்றார். அதோடு விட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று பத்து நிமிடம் முன்னால்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லித் தூண்டவும் இல்லை. நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்ல வைத்தால் பாரம் குறைந்துவிடும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டுதல் சொல்கிறது.

கிளம்பிய நாள்

ஏழாவது மாதம் அவரே தேதி சொன்னார். மகனின் ஆண்டுத் தேர்வு முடியும் நாள். உயிருக்கு ஆபத்து இருக்கும்போது தேர்வா என்று என் மனதுக்குள் ஓடியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் கணக்கு வேறு. பள்ளியைப் பாதியில் நிறுத்தினால் மகன் அவரை மன்னிக்க மாட்டான், விடுமுறை தொடங்கினால் பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வராது. இடமும் அவர் பார்த்ததுதான். தங்கை வீட்டுக்குத்தான் கணவர் முதலில் போவார். ஆகவே பழைய அலுவலகத் தோழி ஒருவர் வீடு. எட்டு வருடமாகத் தொடர்பே இல்லாததால் கணவருக்கு அவரைத் தெரியாது. நாங்கள் வண்டி ஏற்பாடு செய்தோம், முதல் இரண்டு மாத வாடகைக்கு நிதி தேடிக் கொடுத்தோம், வழக்கறிஞரிடம் பாதுகாப்பு உத்தரவுக்கான மனுவைத் தயாராக வைத்திருந்தோம். கட்டுப்படுத்தும் துணையை விட்டுப் பிரியும் நாட்களும் அதையடுத்த மாதங்களும்தான் மிக ஆபத்தான காலம் என்பதால், அந்த வாரம் தினமும் இரண்டு முறை பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

11-ஆவது நாள் கணவர் அந்தத் தெருவில் நின்றார்.

இவருடைய கைபேசியை மாற்றியிருந்தோம், கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றியிருந்தோம். மகன் விளையாடும் ஆன்லைன் விளையாட்டுக்குள் அரட்டைப் பெட்டி ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. "அப்பா நல்லா இருக்கீங்களா" என்று அவன் எழுதியிருக்கிறான். இரண்டு நாள் பேச்சில் பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பதுவரை போயிருக்கிறது. காவல் துறை வந்தது, யாருக்கும் காயம் இல்லை. அன்று இரவே மறுபடி இடம் மாற வேண்டியதாயிற்று.

பையன் உடைந்துபோனான். அவனோடு தனியாக நான்கு முறை பேசிய பிறகு வந்த வாக்கியம்: "அப்பா அழுதாரு. அதான்." அப்பாவை அவன் நேசிக்கிறான். அம்மாவை அடிக்கும்போது நடுவில் நின்று முதுகில் வாங்கியவனும் அவன்தான். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சில நேரம் அப்பா குரலிலேயே பேசுபவனும் அவன்தான். இவன் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் 13 வயதை மறந்துவிட்டவர்கள். அவனுக்குக் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். நான் அம்மாவின் ஆள், அவனுக்கென்று ஒருவர் வேண்டும்.

அழுத குரல்

இரண்டு வாரம் கழித்துக் கணவர் எங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் வந்தார். அழுதார். தப்புதான், மாறிவிடுகிறேன், இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள் என்றார். அவருடைய அம்மாவும் மறுநாள் கேட்டார்: குடும்பம் என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போகச் சொல்லுங்கள்.

சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆலோசனை, இருவருக்கும் பயமில்லாமல் பேச முடிகிற வீட்டுக்கானது. இந்த வீட்டில் அவர் என் முன்னால் ஒரு உண்மையைச் சொன்னால், அதற்கு விலை அன்றிரவு கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே சான்று கொடுத்த மாதிரி ஆகிவிடும். வன்முறையைச் சண்டை என்று பெயர் மாற்றினால்தான் சமரசம் பேச முடியும். முடியாது என்று சொல்லிவிட்டேன். வன்முறை செய்பவர்களுக்கான தனித் திட்டம் ஒன்றின் விவரத்தை மட்டும் கொடுத்தேன். கணவர் இதுவரை அங்கே போகவில்லை. தொலைபேசி வந்ததை நான் மறைக்கவில்லை, இவரிடம் அப்படியே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அழறப்ப அவர் நல்லவர்தான் அக்கா" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக 'மேடம்' போய் 'அக்கா' வந்தது.

வாக்குமூலம் கொடுத்த நாளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பலர் நடமாடும் கூடத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். தனி அறை வேண்டும் என்று கேட்டேன், அரை மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்தது. ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்று, நடந்தவற்றை அவர் சொல்லச் சொல்ல முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். வார்த்தைகள் அவருடையவை, நான் தட்டச்சு மட்டும் செய்தேன். இரவுகளைப் பற்றிய பகுதியை முதல் வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவரே வழக்கறிஞரிடம் போய்ச் சேர்க்கச் சொன்னார். அன்று 'வன்புணர்வு' என்ற சொல்லை அவர்தான் சொன்னார்.

இப்போது

பாதுகாப்பு உத்தரவு நடைமுறையில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அப்பாவைக் கண்காணிப்பு உள்ள இடத்தில் மாதம் இரண்டு முறை பார்க்கிறார்கள். மகள் போக மாட்டேன் என்று சொல்லும் நாட்களும் உண்டு. அவர் ஒரு சிறு நிறுவனத்தில் பாதி நாள் கணக்கு பார்க்கிறார். வலது மணிக்கட்டு குளிரில் இன்னும் வலிக்கிறது. கெட்ட கனவுகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. யாராவது மேசையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். மனநல சிகிச்சையாளர் அதைக் கையிலெடுத்திருக்கிறார்.

வாரம் ஒரு முறை என்றிருந்த எங்கள் சந்திப்பு மாதம் இருமுறை ஆகியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி செய்தார். "இந்த வாரம் வரல அக்கா. கணக்கு முடிக்கற வேலை இருக்கு" என்றார். வியாழக்கிழமை வசதிப்படுமா என்று கேட்டேன். "இல்லக்கா, வியாழனும் வேணாம். நானே சொல்றேன்."

கோப்பில் அன்றைய தேதியைப் போட்டு எழுதினேன்: வர இயலாது என்று தெரிவித்தார். அடுத்த சந்திப்பு எப்போது என்பதை அவர் சொல்வார்.